தொட்டியில் மஞ்சள், மாடியில் வெள்ளை: இரண்டு காளான்கள், ஒரு தப்பு

ஐப்பசி அடைமழை ஒரு வாரம் விடாமல் பெய்து ஓய்ந்திருந்த ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறே முக்காலுக்கு எதிர் பிளாக் அக்கா வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். வீட்டுக்குள் சோபா ஓரமாக வைத்திருக்கும் ஸீஸீ செடித் தொட்டி. செடியின் அடியில் எலுமிச்சம்பழ நிறத்தில் நாலு காளான். படத்தை நான் பெரிதாக்கிப் பார்ப்பதற்குள் போன் வந்துவிட்டது.

"தம்பி, இது விஷமா? பையன் கையில ஒரு துண்டு வச்சிருந்தான். வாயில போட்டானா தெரியலை."

பையனுக்கு ஒன்றே முக்கால் வயது. கல்லூரித் தாவரவியல் ஆய்வகத்தில் பல வருடம் வேலை பார்த்தவன் என்பதால் எங்கள் குடியிருப்பில் இலை, பூச்சி, பூஞ்சை எதுவானாலும் என்னிடம்தான் வரும். பெரும்பாலும் அவசரம் இருக்காது. இது அப்படியில்லை.

படத்தைப் பார்த்ததும் ஒரு பெயர் மனதில் வந்தது. ஆனால் சொல்லவில்லை. "முதல்ல ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. முழுசா ஒரு காளானை, அடியோட பிடுங்கி, பேப்பர்ல சுத்தி எடுத்துட்டுப் போங்க. விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீங்க" என்றேன். பேப்பர் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. பிளாஸ்டிக் கவரில் போட்டால் காளான் வேர்த்து ஒரு மணி நேரத்தில் கூழாகிவிடும். அப்புறம் அதை யாராலும் அடையாளம் சொல்ல முடியாது.

பையன் நன்றாகத்தான் சிரித்துக்கொண்டிருந்தான். அதை வைத்து "சரி, ஒன்றுமில்லை" என்று இருந்துவிட முடியாததுதான் காளானில் சிக்கல். சாப்பிட்ட ஒன்றிரண்டு மணி நேரத்தில் வாந்தி, பேதி கொடுக்கிற காளான்கள் பெரும்பாலும் படுத்தி எடுத்துவிட்டு விட்டுவிடும். ஆறு மணி நேரத்துக்குப் பிறகு மெதுவாக ஆரம்பிக்கிற வகைதான் கல்லீரலைக் கெடுக்கும். அதற்குக் காரணமான அமாடாக்ஸின் என்ற நஞ்சு, காட்டுக் காளான்களில் மட்டும் இருப்பதில்லை. மக்கிய இலையும் உரமும் உள்ள தொட்டிகளில்கூட முளைக்கக்கூடிய, தண்டில் வளையம் உள்ள ஒரு சின்ன பழுப்புக் காளானிலும் இருக்கிறது. ஃபோலியோட்டினா ருகோசா என்பது அதன் பெயர். எனவே அன்று காலை எனக்கு இருந்த கேள்வி "இது எந்தக் காளான்" என்பதைவிட "இது அந்தப் பழுப்பு வகை இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியுமா" என்பதுதான்.

தொட்டியில் பார்த்தது

அவர்கள் ஆட்டோவில் போனதும் நான் அந்த வீட்டுக்குப் போனேன். அக்காவின் மாமியாரும், ஒன்பதாவது படிக்கும் மூத்த பெண்ணும் இருந்தார்கள்.

பத்து அங்குலத் தொட்டி. ஆறு மாதத்துக்கு முன் செடியோடு நர்சரியில் வாங்கியது. மண்ணைக் கையில் எடுத்தால் பாதிக்கு மேல் தேங்காய் நார்த்தூள், மிச்சம் செம்மண்ணும் மண்புழு உரமும். பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. ஸீஸீ செடிக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் தண்ணீர் போதும். பாட்டி தினமும் ஒரு சொம்பு ஊற்றிக்கொண்டிருந்தார். மழைக்குப் பயந்து ஜன்னலையும் சாத்தி வைத்திருந்தார்கள். காளானுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்.

மீதி மூன்று காளான்களில் ஒன்று விரிந்திருந்தது. இன்னொன்று பாதி விரிந்தது. மூன்றாவது, தலை பெருத்த தீக்குச்சி மாதிரி. விரிந்ததன் குடை ஒரு ரூபாய் நாணயத்தைப் போல ஒன்றரை மடங்கு அகலம். குடை முழுக்க மஞ்சள் பொடி தூவினது போல இருந்தது, தொட்டால் விரலில் ஒட்டியது. விளிம்பில் பாவாடை மடிப்பு மாதிரி நெருக்கமான கோடுகள். குடைக்கு அடியில் தகடு தகடாக இருக்கும் செவுள்களும் வெளிர் மஞ்சள்தான். அவை தண்டைத் தொடாமல் சற்றுத் தள்ளியே நின்றன. தண்டில் மெல்லிய ஒரு வளையம். அடியில் தண்டு கொஞ்சம் தடித்திருந்தது.

பாட்டி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கேட்காமலே மண்ணுக்குள் சுண்டுவிரலை விட்டுத் துழாவினார். "வேர் ஓடலையே. புத்துக்காளான்னா கீழ நீட்டா ஒரு வேர் ஓடும். இது நாய்க்குடை" என்றார். திண்டிவனம் பக்கம் பிறந்து வளர்ந்தவர். கரையான் புற்றுக்குள்ளிருக்கும் கூட்டிலிருந்து ஒரு முழம்கூட நீளும் அந்த வேர் போன்ற பகுதிதான் புத்துக்காளானின் முக்கிய அடையாளம். தண்டோடு ஒடித்து எடுத்தால் அந்த அடையாளமே போய்விடும். நான் மாணவர்களுக்குப் படம் போட்டுச் சொல்லிக்கொடுத்ததைப் பாட்டி ஒரு விரலில் செய்து முடித்துவிட்டார்.

அவர் துழாவிய இடத்தில் இன்னொன்றும் கிடைத்தது. கடுகைவிடச் சின்னதாக, மஞ்சளும் வெள்ளையுமாக உருண்டைகள். இதைப் பார்த்துப் பலர் பூச்சி முட்டை என்று பயப்படுவார்கள். சிலர் நர்சரிக்காரர் போட்ட குருணை உரம் என்று விட்டுவிடுவார்கள். இரண்டும் இல்லை. பூஞ்சை இழைகள் சுருண்டு இறுகி உறங்குகிற முடிச்சுகள் இவை. பூச்சி முட்டை என்றால் நசுக்கினால் நீர் வரும். இதில் வராது, மாவு மாதிரி உதிரும்.

மனதில் வந்த பெயர் இப்போது கிட்டத்தட்ட உறுதியானது: லூக்கோகோப்ரினஸ் பிர்ன்பாமீ. உலகம் முழுக்க வீட்டுத் தொட்டிகளில் அதிகம் தென்படுகிற மஞ்சள் காளான் இதுதான்.

அதே நிறத்தில் வேறு சிலவும் உண்டு. முதல் மூன்றும் இதே லூக்கோகோப்ரினஸ் பேரினம்தான். குடையின் நடுவில் பழுப்புப் புள்ளி இருந்தால் ஃப்ளாவெசென்ஸ். கசக்கினால் நீலப்பச்சையாக மாறினால் சல்ஃபுரெல்லஸ். தண்டு நூல் மாதிரி மெலிந்து, குடை வழியாக வெளிச்சம் தெரிந்தால் ஃப்ராஜிலிஸ்ஸிமஸ். மாட்டுச் சாணம் கலந்த மண்ணில் போல்பிட்டியஸ் என்று வழவழப்பான மஞ்சள் தலையோடு ஒன்று வரும், அதற்கு வளையமே கிடையாது. எங்கள் காளானின் நடு உச்சி மஞ்சளாகவே இருந்தது. நகத்தால் கீறிப் பார்த்தேன், நிறம் மாறவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு டாக்டரிடம் பேசினேன். "பழுப்பு வகை இல்லை என்று நினைக்கிறேன். வித்துத்தூள் பார்த்துவிட்டு சாயங்காலம் உறுதியாகச் சொல்கிறேன்" என்றேன். அதுவரை பையனைக் கண்காணிப்பில் வைத்திருப்பதாகச் சொன்னார்.

தூள்

காளானின் வித்துகளைத் தனித்தனியாகக் கண்ணால் பார்க்க முடியாது. லட்சக்கணக்கில் ஒரே இடத்தில் கொட்டினால் அதன் நிறம் தெரியும். இதற்குச் செலவே இல்லை. தண்டை வெட்டிவிட்டு, குடையைச் செவுள் கீழே இருக்கும்படி ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வைத்து, ஃபேன் காற்று படாமல் ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்துவிட வேண்டும். ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம். அவ்வளவுதான்.

நான் கண்ணாடியில் ஒன்று வைத்தேன். பாதி விரிந்திருந்ததைப் பெண் தன் பங்குக்கு நோட்டுத் தாளில் வைத்துக்கொண்டாள். நாலு மணிக்கு டம்ளரை எடுத்தவளின் முகம் வாடிவிட்டது. "மாமா, எனக்கு ஒண்ணுமே விழலை."

தாளை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடிக்கச் சொன்னேன். சாய்வெளிச்சத்தில் கோடு கோடாக, சைக்கிள் சக்கரக் கம்பி மாதிரி, மெல்லிய படிவம் தெரிந்தது. சுண்டுவிரலால் அதைத் தொட்டுத் தன் கறுப்பு போன் கவரில் இழுத்தாள். வெள்ளைக் கோடு விழுந்தது. வெள்ளைத் தாளில் வெள்ளைத் தூள். இந்த ஒரு காரணத்தால் "தூளே விழவில்லை" என்று கைவிட்டவர்கள் எத்தனை பேரோ. கண்ணாடி என்றால் கறுப்பின் மேலும் வெள்ளையின் மேலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கலாம்.

தூள் வெள்ளை என்றதும் பழுப்புத் தூள் உள்ள ஃபோலியோட்டினாவும் போல்பிட்டியஸும் கணக்கிலிருந்து விலகிவிட்டன. வெள்ளைத் தூள் உள்ளதெல்லாம் நல்லது என்று அர்த்தமில்லை. அமாடாக்ஸின் உள்ள லெப்பியோட்டா வகைகளுக்கும் வெள்ளைத் தூள்தான், வளையமும் உண்டு. ஆனால் அவை இப்படி எலுமிச்சை மஞ்சளாக, பாவாடை மடிப்பு விளிம்போடு இருக்காது. ஒரு அடையாளத்தை மட்டும் பிடித்துக்கொண்டு தீர்ப்புச் சொல்ல முடியாது. நிறம், மடிப்பு, பொடி, வளையம், தூள், முளைத்த இடம் ஆறும் ஒரே பக்கம் காட்ட வேண்டும். இங்கே காட்டின. டாக்டரிடம் சொன்னேன். பையனுக்கு வாந்தி எதுவும் இல்லை, ராத்திரி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் இன்னொரு முறை காட்டச் சொன்னார்கள், காட்டினார்கள். இது வயிற்றைப் புரட்டக்கூடிய காளான், சாப்பிடுகிற ஜாதி இல்லை. அவன் விழுங்கவில்லை என்றுதான் தோன்றுகிறது.

இந்தக் காளானின் பெயருக்குப் பின்னால் ஒரு தோட்டக் கதை இருக்கிறது. இங்கிலாந்தில் ஹாலிஃபாக்ஸ் என்ற ஊரில் ஜேம்ஸ் போல்ட்டன் என்பவர் 1788-இல் இதை வரைந்து, லத்தீனில் மஞ்சள் என்று பொருள்படும் பெயர் வைத்தார். அவருக்கு இது கிடைத்தது அன்னாசி வளர்க்கிற சூடேற்றிய கண்ணாடி வீட்டில். அந்தப் பெயரை ஏற்கெனவே வேறொரு காளானுக்கு வைத்துவிட்டிருந்ததால் அது செல்லாமல் போனது. 1839-இல் பிராகா நகரத்துப் பூஞ்சை ஆய்வாளர் கோர்டா, அங்கே ஒரு கண்ணாடி வீட்டில் இதைக் கண்ட பிர்ன்பாம் என்ற தோட்டக் கண்காணிப்பாளரின் பெயரை வைத்தார். ஐரோப்பாவுக்கு அன்னாசியோடும் மண்ணோடும் ஒட்டிக்கொண்டு போன வெப்பமண்டலக் காளான் இது. அங்கே கணப்பு போட்டு வளர்த்தார்கள், இங்கே சும்மா ஜன்னலைச் சாத்தினாலே போதும். அந்த மஞ்சளைத் தருகிற இரண்டு நிறமிகளை 2005-இல் வேதியியலாளர்கள் பிரித்தெடுத்தார்கள். அவற்றுக்கும் பிர்ன்பாமின் என்றே பெயர். ஒரு தோட்டக்காரருக்கு இவ்வளவு பெயர் கிடைப்பது அபூர்வம்.

செடிக்கு என்ன ஆகும் என்று அக்கா கேட்டார். ஒன்றும் ஆகாது. இது உயிருள்ள வேரைத் தின்பதில்லை. நார்த்தூளையும் மக்கிய உரத்தையும் தின்கிறது. தேங்காய் நார்க்கழிவு லேசில் மக்காது என்பதால், கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் முறையில் அதை உரமாக்கச் சிப்பிக் காளான் விதையையும் யூரியாவையும் அடுக்கடுக்காகப் போட்டு மக்க வைப்பார்கள். அங்கே வேண்டுமென்றே செய்வது இங்கே தானாக நடக்கிறது. உண்மையில் ஸீஸீ செடிக்கு ஆபத்து காளானால் இல்லை, அதை முளைக்கவிட்ட ஈரத்தால்தான். கிழங்கு அழுகிவிடும். பாட்டியின் சொம்பைப் பதினைந்து நாளைக்கு ஒரு தரம் என்று குறைத்தோம். பூஞ்சைக்கொல்லி வாங்கித் தரட்டுமா என்றார் அக்காவின் வீட்டுக்காரர். வேண்டாம் என்றேன். மேலே ஊற்றுகிற மருந்து உள்ளே ஓடியிருக்கிற இழை வரை போகாது. அதுவும் குழந்தை துழாவுகிற தொட்டியில்.

இதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது.

மாடியில் நான் சொன்னது

ஒன்பது நாள் கழித்து அக்காவிடமிருந்து இன்னொரு படம். மொட்டை மாடியில் செம்பருத்தி வைத்திருக்கும் சிமெண்ட் தொட்டி. மேலிருந்து எடுத்த ஒரே படம். மூன்று வெள்ளைக் குடைகள், நடுவில் பழுப்புச் செதில்கள். "தம்பி, இதுவும் அதேதானா?"

நான் அப்போது பஸ்ஸில் இருந்தேன். மஞ்சள் காளான் வயதாகும்போது வெளுத்துப்போகும். அதன் நெருங்கிய உறவு ஒன்று பிறவியிலேயே வெள்ளை. செப்பிஸ்டைப்ஸ் என்று பெயர், நடு உச்சி பழுப்பாக இருக்கும். இரண்டும் மனதில் இருந்ததால் யோசிக்காமல் அடித்தேன்: "அதே குடும்பம்தான் அக்கா. ஒண்ணும் ஆகாது."

இந்த இரண்டு வாக்கியத்திலும் தப்பு இருந்தது. படத்தில் அளவு காட்ட எதுவும் இல்லை, கேட்கவில்லை. அடியைப் பார்க்கவில்லை. தூள் கேட்கவில்லை. ஒன்பது நாளைக்கு முன்னால் ஒரு டாக்டரிடம் "தூள் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றவன், இப்போது ஒரு கைப்பேசிப் படத்தை மேலாகப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். முதல் தொட்டியில் சரியாகச் சொன்ன தெம்பு என்று நினைக்கிறேன்.

இரண்டாவது வாக்கியம் அதைவிட மோசம். "ஒண்ணும் ஆகாது" என்று செடியை நினைத்துத்தான் சொன்னேன். அக்கா அதை மாடியில் நின்ற காவலாளி அண்ணனிடம் அப்படியே சொல்லியிருக்கிறார். அவர் "கடையில விக்கிற பால் காளான் மாதிரியே இருக்கு" என்று இரண்டைப் பறித்து, ராத்திரிச் சமையலுக்கென்று தன் அறையில் வைத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. விரிவதற்கு முன்னால் பறித்தால் பால் காளானோடு ஒப்பிடும்படிதான் இருக்கும். பால் காளானுக்குத் தண்டில் வளையம் இருக்காது, குடையில் செதில் இருக்காது. ஆனால் பாக்கெட்டில் வாங்குகிறவர் அதையெல்லாம் ஏன் கவனிக்கப் போகிறார்.

மூன்றாவதை அக்காவின் பெண் எடுத்துப் போயிருந்தாள். முந்தைய வாரம் தாளில் ஏமாந்தவள், இந்த முறை கண்ணாடியில் வைத்து டம்ளரைக் கவிழ்த்துவிட்டாள். யாரும் சொல்லவில்லை, சும்மா ஆசைக்கு. மதியம் பள்ளி விடுமுறை வேறு. சாயங்காலம் ஐந்தரைக்கு எனக்குப் போன் செய்தாள்.

"மாமா, இது வெள்ளையா விழலை. பச்சையா இருக்கு."

பாசிப்பயறு தோல் நிறமா, இலைப் பச்சையா என்று கேட்டேன். வெள்ளைத் தாளின் மேல் கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, "பாசிப்பயறு. கொஞ்சம் சாம்பல் கலந்த மாதிரி" என்றாள். குடை எவ்வளவு பெரிசு என்றேன். "சாப்பாட்டுத் தட்டுல வைக்கிற கிண்ணத்தை மூடுற அளவு."

பச்சைத் தூள் போடுகிற பெரிய வெள்ளைக் காளான் என்றால் எனக்குத் தெரிந்து ஒன்றுதான்: குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ். புல்தரையில் மழைக்கு வட்டமாக முளைக்கிறதே, அது. இளசாக இருக்கும்போது செவுளும் வெள்ளைதான். வித்து முதிர்ந்த பிறகே பச்சை ஏறும். அதனால் மேலிருந்து பார்த்தாலும், ஏன், கீழிருந்து பார்த்தாலும்கூட முதல் நாளில் பிடிபடாது. சாப்பிட்ட ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்தில் கடுமையான வாந்தியும் பேதியும். அமெரிக்காவில் மிக அதிகம் பேரை ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிற காட்டுக் காளான்களில் இது முன்வரிசை. நன்றாக வேக வைத்தால் போய்விடும் என்பதை நம்ப முடியாது. இதில் ஒரு வேடிக்கை, 1898-இல் இந்தப் பேரினத்தை உருவாக்கிய மாசி என்ற ஆங்கிலேயர் இதற்கு வைத்த இனப்பெயர் எஸ்குலெண்டம். லத்தீனில் அதற்கு 'உண்ணத் தக்கது' என்று பொருள். அந்தப் பெயர் நிலைக்கவில்லை, நல்லவேளை.

பெண்ணிடம், போனை வைக்காமல் கீழே ஓடிப்போய் காவலாளி அறையைப் பார்க்கச் சொன்னேன். அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். காளான் இன்னும் பிளாஸ்டிக் கவரிலேயே இருந்தது, வேர்த்துப்போய். வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அன்றிரவு அவரை நேரில் பார்த்து, தப்பு என்னுடையது என்று சொன்னேன். "அதான் சாப்பிடலையே சார்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் மாடிக்குப் போய்ப் பார்த்தேன். பறித்த இடத்தில் தண்டின் அடி மிச்சம் இருந்தது, கட்டைவிரல் கனம். மஞ்சள் காளானின் தண்டோ பென்சிலைவிட மெலிது. ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுக்கச் சொல்லியிருந்தாலே போதும், எனக்குச் சந்தேகம் வந்திருக்கும். தொட்டி மண் எங்கிருந்து வந்தது என்று விசாரித்தேன். பக்கத்துப் பூங்காவில் புல்தரையைக் கொத்திப் போட்டபோது அள்ளி வந்த மண்ணாம், மேலே தொழு உரம். ஆக, அது புல்தரைக் காளான்தான். மண்ணோடு மாடி ஏறியிருக்கிறது.

வித்துகளை நுண்ணோக்கியிலும் பார்த்தேன், ஆய்வகத்தில் பழைய நண்பர்கள் உண்டு. இரண்டு காளானின் வித்தும் முட்டை வடிவம், இரண்டுக்கும் நுனியில் முளைத்துளை (வித்து முளைவிடுகிற சின்ன வாய்), அயோடின் கரைசலில் இரண்டுமே செம்பழுப்பாகின. பெரிய கருவி பிரித்துக் காட்டாததை டம்ளர் பிரித்துக் காட்டியிருந்தது.

அப்புறம்

செம்பருத்தித் தொட்டியின் மேல்மண்ணை நாலு விரல் ஆழம் எடுத்துவிட்டு மாற்றினோம். கார்த்திகையில் இன்னும் இரண்டு வந்தன. விரியும் முன் கிள்ளிக் குப்பையில் போட்டார்கள்.

ஸீஸீ தொட்டியை இப்போது அலமாரி மேல் ஏற்றிவிட்டார்கள். மண் காய்ந்தபிறகு காளான் நின்றது, செடி இரண்டு புதுக் குருத்து விட்டிருக்கிறது. தை மாதம் ஊரிலிருந்து உறவினர் வந்திருந்தபோது யாரோ பாசத்தில் தண்ணீர் ஊற்றிவிட, மூன்றாம் நாள் காலை மறுபடி இரண்டு மஞ்சள் தலை. பாட்டி போன் போடச் சொல்லி என்னிடம் பேசினார். "உன் ஆளு வந்திருக்கு தம்பி. வேர் இல்லை, பார்த்துட்டேன்."

இப்போதெல்லாம் யார் படம் அனுப்பினாலும் நான் மூன்று படம் கேட்கிறேன்: பக்கவாட்டில் ஒன்று, செவுள் தெரியக் கீழிருந்து ஒன்று, மண்ணைத் தோண்டி அடி தெரிய ஒன்று, நாணயத்தோடு. கூடவே தூள். அது வரும்வரை "தெரியாது" என்றுதான் பதில். சிலருக்குக் கோபம் வருகிறது.

பச்சைத் தூள் படிந்த அந்தக் கண்ணாடியை அக்காவின் பெண் செலோ டேப் ஒட்டி, மாடிக் கதவின் உள்பக்கம் மாட்டியிருக்கிறாள். கீழே ஸ்கெட்ச் பேனாவில் தேதியும் தொட்டியின் பெயரும் எழுதியிருக்கிறது. காவலாளி அண்ணன் மாடிக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டுகிறார்.